நன்றி நவிலலில் ஒரு பெயர்

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை கல்வெட்டை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுக் கதையை நிறுத்தியிருந்தேன். இந்தக் கிழமை அது அச்சாகி, அன்புவழிபுரத்து வீட்டு மண்டபத்தில் மூன்று கட்டுகளாக வந்து இறங்கிவிட்டது.

பெயர்தான் கல்வெட்டு. கையில் எடுத்தால் இருபத்துநான்கு பக்கப் புத்தகம். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்ச வரலாறு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் சாப்பிட்டு முடித்து, வாசலில் ஒன்றை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறியதும் முதலில் திறப்பது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பழைய கதை. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இராசதுரை காலமாகி இன்று இருபத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை. நாளை மறுநாள் அந்தியேட்டி. அவருடைய மனைவி நல்லம்மா. மகள் பூரணிக்கு நாற்பத்தாறு வயது. அவள் ஏன் கலியாணம் செய்யவில்லை என்ற கதை மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிட்டது, மறுபடி கிளறமாட்டேன். வீதி வேலைகளைப் பார்க்கும் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஒப்பந்தகாரர் போட்ட வீதியை நாடா பிடித்து அளந்து, சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைப்பது அவள் வேலை.

அவளுக்கு இளையவன் சுகிர்தன். சொந்தமாக ஒரு லொறி வைத்திருக்கிறான். மனைவி பிரியதர்சினியோடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். நல்ல பிள்ளை. அப்படித்தான் நானும் பதின்மூன்று கிழமையாக எழுதிவருகிறேன்.

காலை ஆறரைக்குப் பூரணி தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்து கல்வெட்டைப் புரட்டினாள். அப்பாவின் படம் வடிவாக வந்திருந்தது. வாழ்க்கை வரலாற்றில் அவர் பிறந்த வருடமும் சரி. கடைசிப் பக்கத்துக்கு வந்தவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, இந்தக் கடைசிப் பக்கம் ஆர் எழுதினது?"

சுகிர்தன் கட்டுகளை அலுமாரிக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். "நான்தான். ஏன், ஆற்றையும் பேர் விடுபட்டிட்டுதோ?"

"விடுபடேல்லை. கூடிப்போச்சு."

அவள் சத்தமாக வாசித்தாள். "எமது குடும்பத் தலைவரின் மறைவுச் செய்தி கேட்டு ஓடோடி வந்து ஆறுதல் கூறியவர்களுக்கும், மலர்மாலை சாத்தியவர்களுக்கும், கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் வெளியிட்டவர்களுக்கும், பந்தலும் கதிரைகளும் தந்துதவிய மரணாதாரச் சங்கத்தினருக்கும், மூன்று தினங்களும் மூன்று வேளையும் உணவு வழங்கிய ஒப்பந்தகாரர் திரு. பிரகலாதன் அவர்களுக்கும்..."

அவளுக்கு மேலே வாசிக்க முடியவில்லை.

"சாப்பாடும் சங்கம் தந்ததெண்டுதானே நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்?"

"சங்கத்திட்ட அவ்வளவுக்கு எங்க அக்கா? பந்தல், கதிரை, மேசை, அவ்வளவுதான். சாப்பாடு பிரகலாதன் அண்ணை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அப்பாட காலடியில இருந்தனீங்கள். பருப்புக்கறி ஆற்றையெண்டு கேக்கிற நிலையிலயோ இருந்தனீங்கள்?"

அது உண்மைதான். அந்த மூன்று நாளும் பூரணிக்கு எதுவும் தெரியாது. ஆனால் இரண்டாம் நாள் மத்தியானம் யாரோ கோப்பையில் போட்டுத் தந்த சோற்றையும் பூசணிக்காய்க் கறியையும் பசியில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டது மட்டும் நன்றாக நினைவிருந்தது. இப்போது அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குசினியிலிருந்து நல்லம்மா எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, விடியக்காத்தால சத்தம்?"

"அம்மா, கட்டைபறிச்சான் றோட்டுப் போட்டவர் இந்தப் பிரகலாதன்தான். அந்த றோட்டை அளக்கிறது நான். இன்னும் முடிச்சுக் கையெழுத்து வைக்கேல்லை."

"அதுக்கு?"

"கொன்ட்ராக்டரிட்டச் சாப்பாடு, தங்குமிடம், வாகனம் ஒண்டும் வாங்கக்கூடாது. தை மாசம் கந்தோருக்குச் சுற்றறிக்கை வந்தது. தெரியாமல் வாங்கியிருந்தா, தெரிஞ்ச நாளிலயிருந்து ஒரு கிழமைக்குள்ள எழுத்தில அறிவிக்கவேணும்."

"செத்த வீட்டில அடுப்பு மூட்டேலாது. கொண்டுவந்து தாறது ஊர் வழக்கம். அதைத் திருப்பி அனுப்புறதோ?" நல்லம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கட சுற்றறிக்கை எழுதினவையின்ர வீட்டில ஒருத்தரும் சாகேல்லையோ?"

பூரணி கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தபடி கல்வெட்டை மூடினாள்.

சுகிர்தன் இடையில் வந்தான். "அக்கா, நீங்கள் அவருக்குப் பாதகமாத்தானே எழுதியிருக்கிறியள்? முந்நூறு மீற்றருக்குக் கரையில கிரவல் காணாது, குறைவு, திரும்பப் போடு எண்டு. சாப்பாட்டுக்கு மயங்கின ஆள் அப்பிடி எழுதுமோ?"

"அது எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை வாசிக்கிற ஆக்களுக்குத் தெரியுமோ? திங்கக்கிழமை நான் திரும்பப் போய் அளந்து, சரியெண்டு எழுதினா என்ன சொல்லுவினம்?"

"அப்ப விடுங்கோ. கடைசித் தாளைக் கிழிச்சுவிடுவம். முந்நூறு புத்தகம், நானும் பிரியாவும் இருந்தா ஒரு மணித்தியால வேலை."

"அப்பாட புத்தகத்தைக் கிழிக்கிறதோ!" நல்லம்மா நெஞ்சில் கைவைத்தார்.

"அம்மா பொறுங்கோ. டேய், இண்டை வரைக்கும் இது தெரியாமல் நடந்த விசயம். தாளைக் கிழிச்சா தெரிஞ்சுகொண்டு மறைச்ச விசயம். அந்த வேலை வேண்டாம்."

"சரி, அதுக்கு மேல ஒரு பேப்பர்த் துண்டு ஒட்டுவம்."

"ஒட்டினா முதல் வேலையா அதைத்தான் உரிச்சுப் பாப்பினம்."

அது சுகிர்தனுக்கும் விளங்கியது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பூரணி ஒரு கல்வெட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

அவள் பயந்தது வேலை போய்விடும் என்று அல்ல. அடுத்த மாதம் பதினைந்தாம் திகதி தரமுயர்வுக்கான நேர்முகப் பரீட்சை. பதினொரு வருடம் காத்திருந்து வந்த கடிதம் அது. பெயரில் ஒரு விசாரணை திறந்திருந்தால் அந்தக் கதிரையில் போய் இருக்க விடமாட்டார்கள். இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவே தாளைக் கிழிக்கத் தொடங்கிவிடுவார் என்று தெரியும்.

*

உட்துறைமுகக் கரையில் இருக்கும் அந்தக் கந்தோரின் சைக்கிள் கொட்டிலுக்குள் வழக்கம்போல இரண்டு மான்கள் படுத்திருந்தன. பூரணி ஸ்கூட்டியை வெயிலில் விட்டுவிட்டு நேரே பிரதம பொறியியலாளரின் அறைக்குப் போனாள்.

இஹ்ஸான் சேர் கிண்ணியாக்காரர். ஆறு வருடமாக அவளுக்கு மேலதிகாரி. சத்தம் போட்டுக் கதைத்து ஒருவரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான்.

பூரணி கல்வெட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"இண்டைக்குக் காலமை ஆறரைக்கு, சேர்."

"யார் ஒழுங்குபண்ணினது?"

"தம்பி. அவர் வந்து தாறனெண்டு சொல்லியிருக்கிறார், இவன் ஓமெண்டிட்டான். செத்த வீடு, சேர். வேண்டாமெண்டு சொல்ல ஆருக்கும் வாய் வராது."

"வராதுதான். மௌத்தான வீட்டுக்கு நாங்களும் அப்படித்தான் சாப்பாடு அனுப்புறோம்." அவர் கல்வெட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். "சரி பூரணி. கட்டைபறிச்சான் பைலை என்கிட்டத் தந்துருங்க. திங்கட்கிழமை அளக்க வேற ஆள் போகட்டும். நீங்க அறிவித்தல் படிவத்தை நிரப்பித் தாங்க. நாளைக்கு நான் கொழும்புக்குப் போறேன், இண்டைக்கு நாலு மணிக்குள்ள வேணும்."

"நேர்முகப் பரீட்சை, சேர்?"

"படிவம் வந்தா நான் மேலே அனுப்பணும். அவங்க விசாரிக்கணும். அது முடியும்வரைக்கும் தள்ளித்தான் போடுவாங்க. பொய் சொல்லி உங்களுக்கு ஆறுதல் தர என்னால ஏலாது."

அவள் தலையாட்டினாள். இதை எதிர்பார்த்துத்தான் வந்தாள். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது அழுகை வந்தது. அழவில்லை.

படிவத்தை வாங்கிக்கொண்டு எழுந்தவள், கதவுவரை போய்த் திரும்பினாள். சொல்லாமல் போயிருக்கலாம். பூரணியைப் பதின்மூன்று கிழமையாக உங்களுக்குத் தெரியும், அவளுக்கு அப்படிப் போக வராது.

"சேர், மூண்டாம் கேள்வியில உபசரிப்பைப் பெற்ற ஆக்களின்ர பேரைக் கேட்டிருக்கு."

"ஓம்."

"கந்தோரில இருந்து பதினொரு பேர் வந்து சாப்பிட்டவை. நீங்களும் வந்தனீங்கள். ஒரு பிளேன்ரீயும் கடிக்க ஒரு பணிசும்."

இஹ்ஸான் சேர் அவளைப் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்துத் தன் முன்னால் வைத்தார்.

"பணிஸ் ரெண்டு," என்றார். "நீங்க பார்க்கல்ல."

மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் படிவம் நிரப்ப வேண்டும் என்ற செய்தி பத்தரைத் தேத்தண்ணிக்கு முன்பே கந்தோர் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து மேசை நஜ்முன் நிஸாதான் வாயைத் திறந்து சொன்னாள்.

"என்ன பூரணி அக்கா, மய்யித்து வீட்டுல தண்ணி குடிச்சதுக்கும் போம் நிரப்பணுமா? இனி யாரு வருவா உங்கட வீட்டுக்கு?"

"நீங்கள் குடிச்சது சோடா. சோடாவெண்டு எழுதினாக் காணும்."

"எழுதுறதுக்கு ஒண்டுமில்ல. ஆனா வெட்கமா ஈக்கி."

பூரணிக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களைக் குற்றவாளிகளாக்கிவிட்டது போல. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, படிவத்தோடு பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் புறப்பட்டாள். எந்த நாள் என்ன வந்தது என்ற விவரமெல்லாம் தம்பிக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

*

வீட்டு வாசலில் ஒரு வெள்ளைப் பிக்கப் நின்றது. கட்டைபறிச்சானில் கிழமைக்கு ஒரு தரம் பார்த்துப் பழகிய வாகனம்.

உள்ளே பிரகலாதன் கதிரையின் நுனியில் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைச் சேட்டு, கையில் கைப்பேசி. நல்லம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, இந்த மாதத்தில் அவர் முகத்தில் நான் காணாத ஒரு நிம்மதியோடு எதிரே நின்றார்.

"பிள்ளை, இந்தத் தம்பி சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கும் சமையல்காரரிட்டச் சொல்லிட்டாராம். முந்நூறு பேருக்கு. எங்களுக்கு ஒரு அலைச்சலும் இல்லை."

பூரணி கைப்பையை மேசையில் வைத்தாள். வீதி ஓரத்தில் நாடாவைப் பிடித்துக்கொண்டு இவரை அவள் 'மிஸ்டர் பிரகலாதன்' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டு மண்டபத்தில் அது வாயில் வரவில்லை.

"அண்ணை, சனிக்கிழமை நீங்கள் கட்டாயம் வரவேணும். இருந்து சாப்பிட்டிட்டுப் போகவேணும். ஆனா சமையலை நாங்கள் பாக்கிறம். சமையல்காரருக்கு இப்பவே நான் எடுத்துச் சொல்லுறன்."

நல்லம்மாவின் முகம் கறுத்தது.

"தங்கச்சி, நான் பதினெட்டு வயசில ஹாபரில மூட்டை தூக்கின ஆள்," என்றார் பிரகலாதன். "உங்கட அப்பாதான் என்னைக் கேற்றுக்குள்ள எடுத்துவிட்டவர். அண்டைக்கு அவர் எடுக்காட்டி இண்டைக்கு இந்தப் பிக்கப்பும் இல்லை, கொன்ட்ராக்டும் இல்லை. அவற்ற செத்த வீட்டுக்கு நான் சோறு போடக்கூடாதோ?"

"போடலாம் அண்ணை. நான் இந்த வேலையில இல்லையெண்டால்."

"றோட்டைப் பற்றி ஒரு சொல்லுக் கதைச்சனானோ உங்களோட?"

"இல்லை."

"அப்ப? றோட்டுக் கதை வேற, செத்த வீட்டுக் கதை வேற."

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. ஆனா நீங்கள் கதைக்கேல்லை எண்டதுக்கு நான் ஒருத்திதான் சாட்சி. நான் கேக்கேல்லை எண்டதுக்கு நீங்கள் ஒருத்தர்தான் சாட்சி. எங்கள் ரெண்டு பேரையும் ஆர் நம்பப்போகினம்?"

அவள் படிவத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். அவருடைய பெயர் அதில் வரும் என்றாள். பைல் கைமாறிவிட்டது, திங்கட்கிழமை வேறு ஆள் வருவார் என்றாள். பிரகலாதன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தேத்தண்ணியில் வாய் வைக்காமல் எழுந்தார்.

"அம்மா, நான் வாறன்," என்று நல்லம்மாவைப் பார்த்து மட்டும் சொன்னார்.

அவர் மெய்யாகவே நன்றிக்காகச் செய்தாரா, கையெழுத்துக்காகச் செய்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த மனிதரைப் பற்றி எனக்கே இன்னும் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்க ஏலாது என்றும் சட்டம் இல்லை.

நல்லம்மா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போகும்போது மகளைப் பார்க்கவில்லை. "என்ர வீட்டுக்கு வந்த மனிசன் தேத்தண்ணி குடியாமல் எழும்பிப் போறார். அந்த மனிசன் இருந்திருந்தா இதைப் பாத்துக்கொண்டு இருந்திருக்குமோ?"

அந்த மனிசன் என்றால் இராசதுரை. பூரணிக்கு அது நன்றாகவே சுட்டது.

*

இரண்டரை மணிக்குச் சுகிர்தன் சங்கத்தின் பிளாஸ்ரிக் கதிரைகளைக் கொண்டுவந்து இறக்கினான். பூரணி சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். பாண் எத்தனை, இடியப்பம் எந்த நாள், எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள். அவன் நின்றபடியே பதில் சொன்னான். மூன்றாம் நாள் பின்னேரம் வடை வந்ததையும் மறக்காமல் சொன்னான்.

"உவ்வளவு விபரமும் வேணுமோ அக்கா? வடைக்கும் கட்டம் இருக்கோ?"

"வடைக்கு இல்லை. 'ஏனையவை' எண்டு இருக்கு."

காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

ஆறாவது கேள்வியை அவள் வாசித்துக்கொண்டே பேனாவைக் கொண்டுபோனாள். "மேற்படி ஒப்பந்தகாரருடன் உத்தியோகத்தருக்கோ அவரது நெருங்கிய உறவினருக்கோ தொழில்ரீதியான தொடர்பு உண்டா? உண்டு, இல்லை. நல்ல காலம், இது ஒண்டாவது லேசு."

"அக்கா, பொறுங்கோ."

"ஏன்?"

"அதில 'இல்லை' எண்டு போடாதேங்கோ."

பூரணி நிமிர்ந்து பார்த்தாள். சுகிர்தன் அவளைப் பார்க்கவில்லை, கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கட்டைபறிச்சான் றோட்டுக்குக் கிரவல் ஏத்தினது என்ர லொறி. தம்பலகாமத்துப் பக்கத்துக் குழியில இருந்து. ரெண்டு மாசமா ஓடுறன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவை மேசையில் வைத்தாள். அந்த வீதியில் குனிந்து நாடா பிடித்து, கிரவல் காணாது, காணாது என்று மூன்று பக்கத்துக்கு எழுதியவள் அவள்.

"குறைஞ்சது உன்ர லோட்டோ?"

"சத்தியமாத் தெரியாது அக்கா. அவை காட்டின இடத்தில கொட்டிப்போட்டு வந்தனான். வேற லொறியளும் ஓடினது."

"என்ர வேலை நடக்கிற றோட்டு எண்டு தெரியுந்தானே? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனியோ?"

"கேட்டா விடுவியளோ?"

"விடமாட்டன்."

"அதாலதான் கேக்கேல்லை." அவன் ஒரு கதிரையை இழுத்து இருந்தான். "மூண்டு மாசம் லொறி வீட்டில சும்மா நிண்டது. பிரியாட்டயும் உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு சொன்னனான். அண்டைக்கு அப்பாவைக் கிடத்தியிருக்கேக்க, அவர் வாசல் படலையில வந்து நிண்டு, சாப்பாடு என்ர பொறுப்பு எண்டு சொன்னது என்னட்ட. அவற்ற வேலையில நிண்டுகொண்டு நான் எப்பிடி வேண்டாமெண்டுறது?"

பூரணிக்கு அவன்மேல் வந்த கோபம் அவ்வளவும் அந்தக் கடைசி வசனத்தில் அரைவாசியாகிவிட்டது. மீதி அரைவாசி அப்படியே இருந்தது.

"இந்தப் படிவத்தை விடுங்கோ அக்கா," என்றான் சுகிர்தன். "சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோ. லொறியைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினம். நீங்கள் பொய்யும் சொல்லேல்லை."

"கேட்டிருக்கினம். ஆறாவது கேள்வி அதுதான்."

"எழுதினா என்ன நடக்கும் தெரியுமோ? நாளைக்கே அவர் என்னை நிப்பாட்டுவார். வேற கொன்ட்ராக்டரும் எடுக்கமாட்டினம். அக்காக்காரி எழுதிக் குடுத்திடுவா, உவன்ர லொறி வேண்டாம் எண்டு சொல்லுவினம். திரும்பவும் லொறியை வீட்டில நிப்பாட்டிப்போட்டு நான் என்ன செய்யிறது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமோ எழுதப்போறியள்?"

"நான் மற்றவையின்ர பணிசையும் சோடாவையும் எழுத வைச்சிட்டு வந்திருக்கிறன் தம்பி. என்ர தம்பியின்ர லொறியை விட்டிட்டு எழுத ஏலாது."

அவள் 'உண்டு' என்பதற்கு நேரே சரி போட்டாள். அதற்குக் கீழே பெயர், உறவுமுறை என்று இரண்டு கோடுகள் இருந்தன. இராசதுரை சுகிர்தன் என்று முழுப்பெயரையும் எழுதினாள். பக்கத்தில், உடன்பிறந்த தம்பி என்று எழுதினாள்.

சுகிர்தன் அந்த எழுத்துகளைத் தலைகீழாக வாசித்தான். எழுந்து கதிரையை இருந்த இடத்தில் சரியாக வைத்தான்.

"சனிக்கிழமை அப்பாக்குக் கிரியை செய்யிறது ஆரெண்டும் உதில ஒரு கேள்வி இருந்தா, வேற ஆற்றையும் பேரை எழுதுங்கோ," என்றான். "நான் வரேல்லை."

அவன் கோபத்தில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பூரணி பயந்திருக்கமாட்டாள். இறக்காமல் மிச்சமிருந்த கதிரைகளோடு லொறி படலையைத் தாண்டிப் போனது. அந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை என்று இருப்பது அவன் ஒருவன்தான். கொள்ளி வைத்தவனும் அவன்தான்.

பூரணி ஏழாவது கேள்விக்கும் பதில் எழுதினாள். அடியில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தாள். மணி மூன்று இருபத்தைந்து.

லொறிச் சத்தம் கேட்டு நல்லம்மா குசினியிலிருந்து வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது.

"எங்க போறான் அவன், ஒண்டும் சொல்லாமல்? ஐயரிட்டச் சாமான் லிஸ்ற்றைக் குடுக்கச் சொல்லி அவனையல்லோ இருக்கச் சொன்னனான்."

"தாங்கோ அம்மா. போற வழியில நான் குடுக்கிறன்."

மத்தியானத்திலிருந்து மகளோடு முகம் கொடுத்துக் கதைக்காத நல்லம்மா, தாளைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்கவில்லை.

"மறந்துபோகாமல் ஐயரிட்ட ஒண்டு கேட்டுக்கொண்டு வா பிள்ளை. தம்பி சனிக்கிழமை கிரியைக்கு எத்தினை மணிக்குத் தலை தோய்ஞ்சிட்டு வரவேணுமெண்டு."

பூரணி லிஸ்ற்றையும் படிவத்தையும் ஒரே உறைக்குள் வைத்தாள்.

"கேக்கிறன் அம்மா," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.